மங்கு

பாறை என்னவோ அங்கேயேதான் இருந்தது.
படகுதான் போய் ஏறியது,
நவம்பர் ஒன்பது, மாலை மூன்றே முக்காலுக்கு,
பின்லாந்தின் தென்மேற்கே, தீவுகளுக்கு நடுவே.
யாருக்கும் காயமில்லை.
இரண்டு மூட்டை உருளைக்கிழங்கு மூழ்கியது.
ஒரு குளிர்பதனப் பெட்டி மட்டும்
கதவைத் திறந்து வைத்துக்கொண்டு
மிதந்து கரை சேர்ந்தது.

விசாரிக்க வந்தவர் ரித்வா.
சொல்வதையெல்லாம் எழுதுவது என் வேலை,
தாள் நடுவே பேனாவால் பின்னிஷில்.
ஓரத்தில், பென்சிலால், எனக்காக மட்டும் தமிழில்.

தௌனோ முதலில் பேசினார்.
வழிகாட்டும் பலகைகள் அவர் பொறுப்பு.
முன்னால் ஒன்று, பின்னால் உயரமாய் இன்னொன்று,
இரண்டின் மஞ்சள் கோடும் ஒரே கோடாய்த் தெரிந்தால்
படகு தடத்தில் இருக்கிறது என்று பொருள்.
"ஹாலிஸ்துவா" என்றார். வெயில் தின்ற சிவப்பு.
சாயத்துக்குப் பணம் கேட்டு மூன்று கடிதம் போட்டாராம்.
மங்கியது என்று எழுதினேன்.

பயணியாய் வந்த பள்ளி ஆசிரியர் ஓஸ்மோ
பலகையைக் குறை சொல்லவில்லை.
வெளிச்சமே அப்படி, "ஹிம்மெதா" என்றார்.
இந்த மாதத்தில் பகல் என்பது
சாம்பல் பூத்த கங்கு, ஊதினாலும் சிவக்காது.
மங்கியது, எழுதினேன்.

ஆஸ்பத்திரித் தாள் ஒன்றும் இருந்தது.
படகோட்டி ஹில்க்காவின் வலது கண்ணில்
புரை தொடங்கியிருக்கிறது. அதற்கு வேறு வினை:
"சுமெந்துவா". மூடுபனிக்கு உறவான சொல்,
புத்தி கலங்குவதற்கும் ஆகுமாம்.
மங்கியது.

ரித்வாவின் படிவத்தில் மூன்றுக்கும் தனித்தனிக் கட்டம்.
பணம் யார் கொடுப்பது என்பது
எந்தக் கட்டத்தில் குறி விழும் என்பதில் இருக்கிறது.
என் மொழியை அந்த நாற்காலியில் உட்காரவைத்தால்
எல்லாவற்றையும் ஒரே கட்டத்தில் தள்ளியிருக்கும்,
பலகையை, பொழுதை, கண்ணை,
ஹில்க்காவின் கன்னத்தில் கடல்வெயில் படியவைத்த மங்கை
(வேற்றுமை உருபு ஏறியதும் பெண்ணாகிவிடும் சொல்),
நாங்கள் காப்பி குடித்த மங்குக் கோப்பையையும் சேர்த்து.
சனியின் முதல் சுற்றும் மங்குதான்.
அதற்கு இழப்பீடு கிடையாது.

கடைசியில் ஹில்க்கா. வயது அறுபத்தொன்று.
ஸ்வெட்டர் நுனியால் கண்ணாடியைத்
துடைத்துக்கொண்டே இருந்தார், போட்டுக்கொள்ளவில்லை.
எந்தக் கட்டம் என்று கேட்டார் ரித்வா.

"எதுவுமில்லை.
அன்றைக்கு எல்லாம் தெரிந்தது.
குளிர்பெட்டியில் ஒட்டியிருந்த விலைகூடத் தெரிந்தது.
ஏப்ரலில் பலகைகளை நாற்பது மீட்டர் கிழக்கே நட்டார்கள்.
அறிவிப்பில் கையெழுத்துப் போட்டவள் நான்.
ஆனால் முப்பத்திரண்டு வருஷமாய்
நான் அவற்றைப் பார்ப்பதே இல்லை.
கை தானாகத் திரும்பும்.
கோடை முழுக்கப் பழைய தடத்திலேயே போனேன்.
அன்று நீர் இறங்கியிருந்தது."

இந்தக் கரையில் நிலம் மெல்ல எழுகிறது,
வருஷத்துக்கு ஓர் அரிசி நீளம்கூட இல்லை.
பாறையும் அங்கேயே இருக்கவில்லை.

பார்த்துப் பார்த்தே ஒன்று
பார்வையிலிருந்து போய்விடுவதற்கு
என்ன வினை என்று ஓஸ்மோவைக் கேட்டேன்.
வெகுநேரம் யோசித்தார். காப்பியைக் குடித்து முடித்தார்.
ரித்வா நாலாவதாக ஒரு கட்டத்தைக் கையால் வரைந்தார்,
கோணலாக. அதில் எதுவும் எழுதவில்லை.

மணி மூன்றரையைத் தாண்டிற்று.
யாரும் விளக்கைப் போடவில்லை.
இருட்டு வந்து சேரும்வரை சும்மா உட்கார்ந்திருப்பது
இங்கே ஒரு பழக்கம்.
தௌனோவின் சட்டை போயிற்று, பிறகு கைகள்.
என் தாளில் பென்சில் முதலில் போனது,
பேனா கொஞ்ச நேரம் நின்றது.

ஜன்னலுக்கு வெளியே, கரையில்,
அந்தப் பெட்டி மட்டும் வெள்ளையாய், வாய் திறந்தபடி.
யாராவது அதை மூடலாம் என்றார் ஹில்க்கா.
யாரும் எழவில்லை.