கறுப்பு மை

ஊசி நுழைந்ததும் வைசனின் முதுகுநீர்
பீறிட்டதாம். குழாயில் பார்த்தால்
ஊற்றுநீர்த் தெளிவு.

ஒரு சொட்டு நீருக்கு ஒரு சொட்டு மை.
லென்சுக்கடியில் இருட்டு,
இருட்டில் வட்டவட்டமாய் வெளிச்சம்:
மை புகாத உறைக்குள்
மொட்டுவிட்டுக்கொண்டிருந்தது பூஞ்சை.

வெள்ளணுக்களை எண்ணினேன். நான்கு.
அதிலொன்று, விழுங்கியதைச் செரிக்க மாட்டாமல்
பிள்ளைத்தாய்ச்சிபோல் நின்றது.

ஸோம்பா பேருந்து நிலையத்தின் புறா எச்சப் புழுதி
எல்லோர் மூக்கிலும்தான் ஏறுகிறது.
இவன் மினிபஸ் நடத்துநர்; கொஞ்சம் கூடுதலாய்.
காவலை வைரஸ் முன்பே காலிசெய்திருந்தது.

பூஞ்சைக்கு மருந்து ஏறியது. பிறகு
வைரஸுக்கு மாத்திரை. எழுந்து போனான்.

எட்டாம் வாரம் அதே தலைவலி.
வளர்ப்புத்தட்டில் ஒன்றும் முளைக்கவில்லை.
மையில் மிதந்தவை வெறும் கூடுகள்.
அணுக்களோ இருநூற்றுப் பத்து,
தூங்கி எழுந்த வேகத்தில்
செத்ததை அடித்துக்கொண்டிருந்தன.
அடி விழுந்த இடம் அவன் மூளை.

"நோய் திரும்பிவிட்டதா?" எலூபே கேட்டாள்.
மை படிந்த விரலை மேலங்கியில் துடைத்தேன்.
"இல்லை. உடம்பு திரும்பியிருக்கிறது."

ஈரக்குடையை உதறி மடக்கினாள்.
"அப்படியானால்
கொஞ்சம் மெதுவாக வரச்சொல்."