கண்ணாடி அறை

பண்டுக்கு அந்தப் பக்கம் சேற்றுக் கடல்,
இந்தப் பக்கம் செம்பனை,
நடுவில் கமலவேணியக்காவின் வீடு.
முன் போர்ச்சை முழுக்கக்
கண்ணாடியால் அடைக்கச் சொன்னார்.
கைப்பேசியில் காட்டிய படத்தில்
வெளியே பனி. உள்ளே ஒரு வெள்ளைக்காரி
கம்பளி போர்த்திக் காப்பி குடிக்கிறாள்.

"ஜெராம்ல இது அடுப்பாயிடும் அக்கா."
"காசு உன்னுதா, யுகேந்திரா?"
என்னுது இல்லை.

சாதாரணத் திருகாணியை உப்புக் காற்று
மூன்று மழைக்குள் தின்றுவிடும்.
துருப்பிடிக்காதது நூற்று நாற்பது வெள்ளி கூடுதல்;
அதற்கு மட்டும் அரைமணி நேரப் பேரம்.
பழைய சுவர் எங்கும் நேராக இல்லை,
மேலே ஒரு விரல், கீழே இரண்டு விரல் சந்து.
எட்டுக் குழாய் சிலிக்கன் குடித்த பிறகே
காற்று வாயை மூடியது.

நவம்பரில் அழைப்பு: "உடனே வா."
ஒழுகுகிறதாக்கும் என்று
ஏணியோடு நனைந்துகொண்டு போனேன்.

நாற்காலி இல்லை. காப்பி இல்லை.
நாலு நாள் விடாத மழைக்கு நடுவே
ஒரு மணி நேரம் எட்டிப் பார்த்த வெயிலை
அறை இன்னும் விடாமல் பிடித்து வைத்திருந்தது.
கொடி கொடியாய்
லயத்து ஆறு வீட்டுப் பள்ளிச் சீருடைகள்,
ஆலைக்குப் போகிறவர்களின் சிலுவார்கள்,
பங்களாதேஷ் பையன்களின் லுங்கி,
கீழே முறத்தில் மோர் மிளகாய்.

கழுத்து வியர்வையைத் துடைத்தபடி
"இன்னும் ரெண்டு கொக்கி அடி," என்றார்,
"துருப்பிடிக்காததா."
விலை கேட்கவில்லை.
நான் பையைத் திறப்பதற்குள்
"முதல்ல அந்தச் சட்டையக் கழட்டு,
சொட்டுது பாரு."