ஐம்பது சொற்களுக்குள்

ஆண்டுக்கொரு முறை எழுதுவேன்:
உங்கள் பணி, பட்டங்கள், ஆய்வு ஆர்வம்,
ஐம்பது சொற்களுக்குள்.
கோட் அணிந்த படம் ஒன்று.
மார்ச் பதினைந்துக்குள் தந்தால் நல்லது.

பிளாட் ஆற்றுக்குக் கொக்குகள்கூடச்
சொன்ன தேதிக்கு வந்துவிடுகின்றன.
எங்கள் புற்றுநோய் மையத்துப் பேராசிரியர்கள்
ஏப்ரலில்தான் வருவார்கள்,
நூற்றிருபது சொற்களோடு.

வெண்டல் காச் மட்டும் விதிவிலக்கு:
"முப்பத்தோரு வருடமாக நோயியல்."
மிச்சம் நாற்பத்தேழு சொற்களைக் கேட்டு
ஐந்தாம் மாடிக்குப் படியேறினேன்.
நுண்ணோக்கிக்கு அடியில்
இளஞ்சிவப்பும் ஊதாவுமாய் ஒரு கண்ணாடித் தகடு.
யார் இவர் என்றேன்.
"தெரியாது. யாரையும் பார்த்ததில்லை.
சோள மணி அளவு சதை வரும். தீர்ப்பு எழுதுவேன்.
அதை வாய்விட்டுச் சொல்வது வேறொருவர் வேலை."
கண்ணை எடுக்காமலே,
"இதைப் போட்டுவிடாதே" என்றார்.

சூ யான்லிங்குக்கு ஒரு புரதம்.
பதினாறு வருடமாக அதே புரதம்,
ஓரிடத்தில் தப்பாக மடிகிறது.
நான்கு முறை நிதி மறுத்தார்கள்.
"காரணத்தைக் கண்டறிவார்" என்றிருந்ததை
"கண்டறிகிறார்" என்று திருத்தினேன்.
மறுநாளே பழையபடி மாற்றி அனுப்பிவிட்டார்.
பொய் எழுதத் தெரியாத ஒரு காலம்
இலக்கணத்தில் இருக்கத்தான் செய்கிறது.

டேல் ஓஸ்டர்காம்ப்,
சோளக்காட்டு வீட்டில் பிறந்தவர்,
கிணற்று நீரையும் குழந்தைகளின் ரத்தத்தையும்
அருகருகே வைத்து அளக்கிறவர்.
படிவத்தில் "ஆர்வம்" என்ற சொல்லை அடித்துவிட்டுப்
பக்கத்தில் எழுதியிருந்தார்: கணக்குப் பாக்கி.
எந்தக் கிணறு, எந்தக் குழந்தை
என்று நான் கேட்கவில்லை.

லெனோர் ஹ்ருஷ்கா, உயிரிப் புள்ளியியல்.
சொற்களே இல்லை, ஒரு வரைபடம்.
லிஃப்ட் பழுதான ஒரு மதியம்
அதைப் படிக்க அவரே சொல்லித் தந்திருக்கிறார்:
கோடு ஒரு படி இறங்கினால் ஒருவர் இறந்தார்.
கோட்டின்மேல் சின்னக் கீறல் என்றால்
ஆள் வரவில்லை, ஃபோன் எடுக்கவில்லை.
இருக்கிறாரா என்று கோட்டுக்குத் தெரியாது.
கடைசியாகக் கண்ட நாள்வரை உயிரோடு,
அவ்வளவுதான் அது ஒப்புக்கொள்ளும்.

அறுபத்தோரு பேர் சேர்ந்த மருந்துச் சோதனை.
முப்பத்தெட்டாம் மாதத்தில்
ஒரே ஒரு கீறல்.

அப்போது என் பெயர் ரோவீனா டில்லர்ட்.
மணவிலக்கில் பெயர் போனது, வீடு போனது, ஃபோன் எண் போனது.
அதற்கும் முன்பே ஒரு செவ்வாய்க்கிழமை
மையத்து வாசல்வரை காரோட்டி வந்து
திரும்பிப் போய்
நெடுஞ்சாலைக் கடையில் பேன்கேக் தின்றேன்.
நரம்பு தேடித் தேடிக் குத்திய கையால்
தேன் ஊற்றினேன். நிறைய ஊற்றினேன்.
தேடி வந்த கடிதங்கள்
பாட்டரிகளோடும் ரப்பர் வளையங்களோடும்
இழுப்பறையில் பிரிக்கப்படாமல் கிடந்தன.

ஒன்பது வருடம் கழித்து
இதே கட்டடத்தில் வேலைக்கு விண்ணப்பித்தேன்.
முன்பு இங்கே வந்ததுண்டா
என்று அந்தப் படிவம் கேட்கவில்லை.

அவருக்கு இரண்டாம் மாடி, எனக்கு மூன்றாம் மாடி.
அவர் தேடி அலுத்துக் கைவிட்ட ஆள்
ஆறு வருடமாக
அவருடைய காற்புள்ளிகளைச் சரிபார்க்கிறாள்.

மின்னஞ்சல் எழுதினேன்: வரைபடம் கிடைத்தது.
அந்தக் கீறலைப் பற்றி
கீழே ஒரு வரி சேர்க்கலாமா?
உடனே பதில்:
வேண்டாம், அதையெல்லாம் யாரும் கவனிக்க மாட்டார்கள்.

சரி என்று அனுப்பினேன்.
பிறகு எழுந்து படியிறங்கினேன்.
அவர் கதவு பாதி திறந்திருந்தது.
மேசையில் ஆறிய காபி, கடித்து வைத்த ஆப்பிள்.
நிமிர்ந்து பார்த்தார்.

கோட் அணிந்த படம்
இன்னும் நீங்கள் தரவில்லை
என்று தொடங்கினேன்.