நல்

புயலுக்கு அப்போது பெயர் வைத்திருக்கவில்லை.
பின்னேரம் நாலு மணிக்குக் கொழும்பிலிருந்து தொலைபேசி:
கடலில் இன்னும் எத்தனை போட்?
குகதாசன் சேர் என் கதிரைக்குப் பின்னால் வந்து நின்றார்.
உட்துறைமுக வீதியில் மழை சரிந்து பெய்தது.

என்னிடம் இரண்டு அட்டவணை.
ஒன்றில் போனவை, மற்றதில் வந்தவை.
போனவற்றில், வந்தவற்றுள் இல்லாதவை எவை?
வாயால் கேட்டால் ஒரு மூச்சு, வினவலாய் நாலு வரி.
எழுதினேன். ஓடவிட்டேன்.

பூச்சிய நிரைகள்.

"அப்ப எல்லாம் கரை சேர்ந்திட்டுது."
சேர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்,
கொழும்புக்குச் சொன்னார். தேத்தண்ணி வந்தது.

பிறகு கிண்ணியாவிலிருந்து ஹிதாயத்துல்லா,
தலையில் சொப்பிங் பேக்கைக் கவிழ்த்துக்கொண்டு.
"தங்கச்சி, மச்சான்ட போட் இன்னும் வரல்ல.
சுபஹோட கொட்பேயால வெளிக்கிட்டது."
திரை தன் பூச்சியத்தை மறுபடி காட்டியது,
வெற்றுத் தாளைக் கொடுத்துவிட்டு
நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும் பிள்ளை மாதிரி.

வந்தவற்றின் நிரைகளை எண்ணச் சொன்னேன்: அறுபத்துமூன்று.
இலக்கங்களை எண்ணச் சொன்னேன்: அறுபத்திரண்டு.
ஒரே அட்டவணை, ஒரே சார்பு,
இரண்டு விடை, இரண்டும் சரி.
நடுவில் தவறிய ஒன்றைத் தேடிப் பிடித்தேன்:
மூன்று இருபதுக்கு வந்த போட்.
நேரம் உண்டு, இறக்கிய மீனின் கிலோ உண்டு,
இலக்கம் இல்லை.
குறிப்பில் லலந்த தட்டியிருந்தான்:
நீலம். நம்பர் அழிஞ்சி.

அந்த வெறுமைக்கு எங்கள் தொழிலில் பெயர் நல்.
தமிழில் எழுதிப் பார்த்தால்
நல்வரவுக்கும் நல்லெண்ணெய்க்கும் முன்னால் நிற்கிற நல்.
உள்ளே ஒன்றுமில்லை. பூச்சியம்கூட இல்லை.

அது எந்தப் போட்டாகவும் இருக்கலாம்,
மச்சானுடையதாயும் இருக்கலாம்.
அதனால் எதைக் காட்டி
"இது வரவில்லைதானே?" என்று கேட்டாலும்
சத்தியம் பண்ண மாட்டேன் என்றது இயந்திரம்.
அது சொன்னது தெரியாது.
நாங்கள் வாசித்தது இல்லை.

அம்மா படிவம் நிரப்பும்போது
ஒரு பெட்டியை மட்டும் விட்டுவிடுவா:
கணவர், உயிருடன் அல்லது காலமானார்.
கச்சேரியில் திருப்பிக் கொடுப்பார்கள்.
அதே பெட்டியோடு அடுத்த கிழமை போவா.
பதினாறு வயதுவரை
அதை மறதி என்றே நினைத்திருந்தேன்.

சரி, வேலை.
பட்டியலோடு ஒப்பிட்ட வரியை அழித்தேன்.
போன ஒவ்வொன்றையும் தனியே கூப்பிட்டு
உன் இலக்கத்தோடு வந்த நிரை இருக்கிறதா
என்று கேட்கும்படி மாற்றி எழுதினேன்.
பன்னிரண்டு.
சேர் மறுபடி கொழும்பை எடுத்தார்,
இந்தமுறை குரல் கீழே போயிருந்தது.

பன்னிரண்டில் ஒன்று கரையில்தான் நிற்கிறது.
எது என்று எந்த வினவலும் சொல்லாது.
லலந்தவுக்கு அடித்தேன். டோர்ச்சோடு இறங்கினான்.
போனில் காற்று, ஒரு நாய்,
பிறகு உப்புப் படையைச் சுரண்டும் சத்தம்.
"மிஸ், நாலு... நாலு... ஒண்ணு. கடைசி ஏழு மாதிரி."
மாதிரியை எழுத ஏலாது, லலந்த.
இன்னும் சுரண்டினான்.
ஏழு.

ஹிதாயத்துல்லா ஈர விரலால் கவுண்டர் கண்ணாடியில்
மச்சானின் இலக்கத்தை எழுதிக்கொண்டிருந்தார்.
அது ஏழில் முடியவில்லை.

பதினொரு இலக்கங்கள் கடற்படைக்குப் போயின.
"இனி அந்த நிரலை வெறுமையாய் விட ஏலாதபடி பூட்டு" என்றார் சேர்.
பூட்டினால் அடுத்தமுறை
லலந்த நாலு பூச்சியம் தட்டுவான்,
இல்லையென்றால் நேற்றைய இலக்கத்தை.
பிழையென்று காட்டாது, வினவலும் ஓடும்.
நாங்களும் தேத்தண்ணி குடிப்போம்.
நாளைக்குப் பார்ப்போம் சேர், என்றேன்.
பூட்டவில்லை.

நள்ளிரவில் ஏழு.
இரண்டு புல்மோட்டையில் ஒதுங்கியிருந்ததாம்.
விடியும்போது மூன்று. எட்டரைக்கு இரண்டு.
ஒவ்வொருமுறை ஓடவிடும்போதும்
அவர் எழும்பி வருமுன்
கடைசி இலக்கங்களைத்தான் முதலில் பார்த்தேன்.