மூன்றாவது ஓட்டம்

திருத்துறைப்பூண்டி ரயில்வே கேட் பக்கம்
உரக்கடை மாடியில் ஸ்கேன் சென்டர்.
யூரியா நெடி படியேறி வந்து
ஜெல் வாசனையோடு உட்கார்ந்திருக்கிறது.
மேசையில் ஆறு வயது மடிக்கணினி.
எஃப் ஐந்து பொத்தான் தெறித்த இடத்தில்
பல் விழுந்த ஈறு.

இங்கிருந்து தஞ்சாவூர் வரை
பூட்டிய சுரங்கம் ஒன்று போட்டிருக்கிறோம்.
பூட்டுவதில் எவ்வளவு வேகம் கரைகிறது என்று
நான் எண்ணிச் சொல்ல வேண்டும்.
அந்த முனையில் இன்னாசிமுத்து.
நாலு மாதமாகக் குரல் பழக்கம், முகம் தெரியாது.
"விடவா?" என்பேன்.
"விடுங்க" என்பார்.

"சோதனைக்கு என்னக்கா அனுப்புவீங்க?"
ஜெசிந்தா ஒருமுறை கேட்டாள்.
ஒன்றுமில்லை.
ஒன்றுமில்லாததைப் பொட்டலம் பொட்டலமாகக் கட்டி
யாராலும் உடைக்க முடியாத பூட்டுப் போட்டு
அங்கே அனுப்பி, திறந்து பார்த்து,
ஒன்றுமில்லை பத்திரமாக வந்து சேர்ந்தது
என்று எழுதிக்கொள்வோம்.
"எங்க வீட்டு பீரோ மாதிரி" என்றாள்.

சார்ஜர் செருகியிருக்க வேண்டும்.
மற்ற ஜன்னல்களெல்லாம் மூட வேண்டும்.
ஓட்டத்துக்கு அறுபது நொடி,
நடுவில் சூடு தணிய ஐந்து நிமிடம்.
பூட்டில்லாமல் தொண்ணூற்று நாலு மெகாபிட்.
பூட்டோடு எண்பத்தெட்டு.
மறுபடி, எண்பத்தெட்டு.
விசிறி மட்டும்
சேற்றை இழுக்கும் டீசல் எஞ்சின்போலக் கத்துகிறது.

மூன்றாவது ஓட்டம்.
இருபத்திரண்டாம் நொடியில்
முப்பத்தொன்று.

மேலே எவனோ மடையைத் திறந்துட்டான்.

கடைமடைக்காரி நான்.
எங்கே எது குறைந்தாலும்
முதலில் வாயில் வருவது இதுதான்.
சார்ஜர் இருக்கிறது. சூடு ஏறவில்லை.
சாவி மாறும் நேரமும் இல்லை.
கோடு பள்ளத்திலேயே படுத்திருந்து
ஐம்பத்தோராம் நொடியில்
எதுவும் நடக்காததுபோல எழுந்துகொண்டது.

"எதாச்சும் அனுப்பினியா ஜெசி?"
"ஆமாக்கா, அர்ஜெண்ட். வலி தாங்காம வந்தாரு."

பெஞ்சில் ஒருவர்,
வலது கையால் இடுப்பைப் பிடித்தபடி.
ஆலத்தம்பாடி பக்கம்.
பெயர் சொல்லக் கூடாது, பூட்டே அதற்குத்தான்.
எண்பத்தெட்டில் ஐம்பத்தேழு,
இருபத்தொன்பது நொடி,
அவருடைய வயிற்றின் இருட்டு
என் ஒன்றுமில்லையை ஓரம் தள்ளிவிட்டுப்
போயிருக்கிறது.

இன்னாசிமுத்து சொன்னார்:
"அதைத் தூக்கிருங்க. நாலாவதா ஒண்ணு விடுவோம்."
முறை அதுதான். விட்டோம்.
எண்பத்தெட்டு, வாய்க்கால் கரைபோல நேராக.
ஆனாலும் மூன்றாவதை நான் அழிக்கவில்லை.
கீழே ஒரு வரி சேர்த்தேன்:
"22 முதல் 51 நொடி வரை, வேறு பயன்பாடு."
வேறு பயன்பாடு.
நாங்கள் மூன்று மாதம் குழி தோண்டியது
இந்த வேறுக்காகத்தான் என்று
அறிக்கையில் எழுத இடமில்லை.

அரை மணியில் டாக்டரின் பதில் வந்தது,
பூட்டோடு.
ஜெசிந்தா அவரை உள்ளே கூப்பிட்டு
கதவைச் சாத்தி, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

அவர் படியிறங்கும்போதே
ஸ்பீக்கரில் போட்டுவிட்டார் போனை.
"கல்லாம்டா! எட்டு மில்லியாம்! இடது பக்கம்!"
உரக்கடையில் டிஏபி விலை விசாரித்துக்கொண்டிருந்தவர்கள்
விலையை விட்டுவிட்டு
வாழைத்தண்டு பற்றிப் பேச ஆரம்பித்தார்கள்.