ஆறு நிமிடம்

ஆசிரியர் சங்க மாடியில், ஞாயிற்றுக்கிழமை,
சுவரில் ஆணியடித்துக் கட்டிய வேட்டியில்
பழைய இங்கிலீஷ் படம். கறுப்பு வெள்ளை.
"அழ வைக்கும், கைக்குட்டை இருக்கா?" என்றார்
படம் போடும் திருவேங்கடம்.
நாங்கள் கடைசி வரிசை,
எழுந்து போகத் தோதாய்க் கதவோரம்.

வக்கீல் குமாஸ்தா திம்மராயன்
கல்யாணக் காட்சி முழுக்கக் குறட்டை.
இனி பிள்ளை இல்லை என்று
அந்த ஊர் டாக்டர் கண்ணாடியைக் கழற்றியபோது
முன்வரிசையில் யாரோ ச்சு கொட்டினார்கள்.
எனக்குத் தெரியும் அந்தச் ச்சு.
ஏழு வருசமாய்
காரிமங்கலம் பஸ்ஸில், பந்தியில், வளைகாப்பு வாசலில்
என் முதுகில் விழுந்துகொண்டிருப்பது.
இவர் என் பக்கம் திரும்பவில்லை.
வேட்டியின் ஒரு மடிப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.
கதாநாயகியின் முகம் அதில் ஒவ்வொரு முறையும் உடைந்தது.

பிறகு ஓர் அதிகாரி அம்மாள் குடையோடு வந்து
அவர்கள் வீட்டில் அறைகளை எண்ணினாள்.
அலமாரியைத் திறந்தாள்.
"சம்பளச் சீட்டு கேப்பா பாரு,"
எல்.ஐ.சி. ருக்மாங்கதன் சொல்லி வாய் மூடவில்லை,
கேட்டாள்.

குழந்தை வந்தது.
குளிப்பாட்டத் தெரியாமல் அவன் கை நடுங்கியதற்கு
சபை சிரித்தது.
தொட்டில் மையத்து இரவு ஆயா பெருமாக்கா மட்டும்
"தலையப் புடிடா, தலைய!" என்று
வேட்டியைப் பார்த்து அதட்டினாள்.

அவனுக்கு வேலை போனது.
வருமானம் இல்லாதவனுக்குப் பிள்ளை இல்லை.
நீதிபதி முன்னால்
ஏதோ காகிதம் எடுக்கக் கோட்டுப் பைக்குள் கைவிட்டான்.
வந்தது ஒரு குட்டிக் காலுறை.
அதை என்ன செய்வதென்று தெரியாமல் அவன் நிற்க,

கரண்ட் போனது.

மூக்கு உறிஞ்சும் சத்தம் நாலு திசையிலும்.
இருட்டில் யாருடையது என்று சொல்ல முடியாது.
"சட்டப்படி குடுக்க முடியாது,"
திம்மராயனின் குரல் பாதியில் கரகரத்தது.
"வெள்ளைக்காரனுக்குமா இந்தக் கதி?"
"நாங்க மொதல்ல எடைதான் எழுதுவோம்,"
பெருமாக்கா யாரிடம் என்றில்லாமல் சொன்னாள்,
"மணி அடிச்ச நேரம், எடை. பேரு அப்பறம்.
ஒண்ணு ஒண்ணே முக்கா கிலோ இருந்துச்சி.
எங்க இருக்குதோ."

அப்போது இவர்,
என் காதருகே, வெற்றிலைக் கடையில் சில்லறை கேட்பவர்போல:
"அந்த ரிப்போர்ட் தொலையல.
நாந்தான் கிழிச்சேன்."

தெரியும் என்றேன்.

எப்பத்திலிருந்து என்று அவர் கேட்கவில்லை.
மேசைமேல் திருவேங்கடத்தின் லேப்டாப்
மூடி பாதி சாத்தியிருக்க
பேட்டரியில் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்ததை
ஒருவரும் கவனிக்கவில்லை.

வெளிச்சம் வந்தபோது
படம் ஆறு நிமிடம் முன்னே போய்விட்டிருந்தது.
வேட்டியில் ஒரு வீடு. குழந்தை தூங்குகிறது.
"பின்னாடி ஓட்டுங்க, தீர்ப்பு என்னன்னு தெரியணும்."
திம்மராயன் எழுந்தே விட்டார்.
"எதுக்கு? புள்ள வீட்டுக்கு வந்துடுச்சில்ல,"
பெருமாக்கா முந்தானையை உதறிப் போட்டுக்கொண்டாள்.
"முடிவுல செத்துடும்னு கேள்விப்பட்டேன்," ஒரு குரல்.
"யோவ், சும்மா இருய்யா!"

ஓட்டினார்களா, தெரியாது.
எட்டே முக்கால் பஸ்ஸுக்கு நாங்கள் இறங்கிவிட்டோம்.

நாலு ரோட்டில் மாம்பழ லாரிகளின் வாசம்.
சீட்டு ஒன்றுதான் கிடைத்தது. இவர் நின்றார்.
கம்பியைப் பிடித்த கையை மாற்றி மாற்றி
குண்டல்பட்டி தாண்டும்வரை எதுவும் பேசவில்லை.
பிறகு குனிந்து,
"வியாழக்கிழமை வராங்க இல்ல, நம்ம வீட்டப் பாக்க.
அந்த ரெண்டாவது ரூம்ல புளி மூட்டை..."

நகத்திடலாம் என்றேன்.
மூட்டைக்குப் பின்னாடி பெருக்கணும்,
காகிதத் துண்டா கெடக்குது.