கரிமணல், ஐந்து மதிப்பெண்

போன பருவத்தில் கேட்டிருந்தேன்:
கோடிட்ட இடத்தை நிரப்புக.
நிரம்பிவிட்டது. முப்பத்தொரு தாளிலும்
ஒரே சொல், ஒரே எழுத்துப்பிழையோடு.
பிழைகூடக் கைமாறித்தான் வந்திருந்தது.

இந்தப் பருவம்
இரண்டு சிரட்டைகளோடு வகுப்புக்குப் போனேன்.
ஒன்றில் மணவாளக்குறிச்சிக் கடப்புறத்தின் கரிமணல்.
மற்றதில் அதே கடப்புறம், பத்தடி தள்ளி அள்ளிய வெளிறிய மணல்.
மதில்மேல் வைத்தோம். பத்தரை மணி வெயில்.
கேள்வி ஒன்றுதான்.
"உச்சிக்கு வள்ளத்தை விட்டு இறங்கி ஓடி வருகிறவர்
ஏன் வெள்ளை மணலாகப் பார்த்துக் கால்வைக்கிறார்?
எழுதலாம், வரையலாம், தொட்டும் பார்க்கலாம்.
எப்படிக் கண்டுபிடித்தாய் என்பதையும் சொல்."

"இது எத்தனாவது பக்கம் டீச்சர்?"
பக்கமே இல்லை என்றேன்.
கடலோரப் பள்ளியில்
ஒரு கணம் காற்று நின்றது.

பிறகு ஜெபிஷா விரலை விட்டு
"பொள்ளுது" என்றாள்.
அபினேஷும் விட்டான், "எனக்குப் பொள்ளல."
லீவுக்குக் கரமடி இழுத்துக் காய்த்த விரல் அவனுக்கு.
நீ பொய், நீ பொய் என்று முற்றிய சண்டையில்
இருவருமாகவே வந்து சேர்ந்தார்கள்
விரலை நம்பக் கூடாது என்ற இடத்துக்கு.
பள்ளியில் வெப்பமானி ஒன்று உண்டு.
அது உடைந்த தேதி பதிவேட்டில் இருக்கிறது.

"மீன் ஐஸ் வெச்சுப் பாப்பமா?"
பெர்ஜின் கேட்டு முடிக்குமுன்னே
வாசலில் சாளை விற்கிறவரிடம்
இரண்டு துண்டு வாங்கி வந்துவிட்டான்.
ஒன்று பெரிது என்று தகராறு.
கடித்துச் சமமாக்கினான்; உப்புக் கரித்தது என்றான்.
வைத்து, சுவரோரம் ஒதுங்கி, எண்ணத் தொடங்கினோம்.
நூற்றுப் பதினேழில்
வாடை பிடித்து வந்த பூனை
வெள்ளைச் சிரட்டையை நக்கிவிட்டுப் போனது.

ஒரு தாளில் இப்படி இருக்கிறது:
"எங்கள் சோதனையில் வெள்ளை மணலில் இருந்த ஐஸ்தான் முதலில் தீர்ந்தது.
காரணம் பூனை.
அதனால் இன்னொரு தடவை செய்யணும்."
அதற்கு ஐந்துக்கு ஐந்து போட்டேன்.
கை நடுங்கவில்லை.

ஜெனோ சுடுமணலைத் தொடவே இல்லை.
பழுதான ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தத்தைக்
கரிமணலில் உழவிட்டான்.
அதற்கு மீசை முளைத்தது.
தாள் முழுக்க வரைந்திருக்கிறான்,
முறுக்கிய மீசை, தொங்கு மீசை, அரும்பு மீசை.
கேட்காத கேள்விக்குச் சொன்ன பதிலை
எந்தக் கட்டத்தில் நான் எழுத?

வட்டார வள மையத்தில் விடைக்குறிப்பு கேட்கிறார்கள்.
எழுதிக் கொடுத்தேன்:
கருநிறம் வெப்பத்தை மிகுதியாக ஏற்கும், இரண்டு.
சான்று காட்டினால், இரண்டு.
படம், ஒன்று.
கூட்டினால் ஐந்து வருகிறது, அழகாக.

நிஷ்மாவின் தாள்தான் மிச்சம்.
வகுப்பில் வாயே திறக்காத பிள்ளை.
மூன்று வரி:
"கறுப்பு சீக்கிரம் சுடுது, சரி.
ராத்திரி எது சீக்கிரம் ஆறும்?
யாரும் போய்ப் பாக்கல."

சிவப்புப் பேனாவை மூடி வைத்தேன்.
நானும் பார்த்ததில்லை.
பதினாறு வருடமாக இந்த ஊரில் பாடம் எடுக்கிறேன்,
சுடுவதை மட்டும்.

ஏழரை மணிக்கு
ஸ்கூட்டியைக் குருசடிப் பக்கம் நிறுத்திவிட்டு
செருப்பைக் கழற்றினேன்.
இடது கால் கரிமணலில், வலது கால் வெள்ளையில்.
இடது சொன்னது கறுப்பில் இன்னும் சூடு இருக்கிறதென்று.
கால் மாற்றி நின்றேன்.
இப்போதும் இடதுதான் சொன்னது,
வெள்ளையில் இருக்கிறதென்று.
அந்தக் குதிகாலில் வெடிப்பு.
அதை எப்படி நம்ப?

கரையேற்றிய வள்ளத்தின் நிழலிலிருந்து ஒரு குரல்:
"என்ன டீச்சர், கொலுசு வல்லதும் விழுந்து போச்சா?"
இல்லை என்றேன்.
கொஞ்சம் தயங்கி,
"பெட்டியில ஐஸ் மிச்சம் கிடக்குமா?
ரெண்டு துண்டு போதும்.
ஒரே அளவா."